விளக்கு வைத்த நேரத்தில் கேட்ட கேள்விகள்

நன்னிலம்
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

பட்டுக்கோட்டை தேங்காய் மண்டி உரிமையாளரும், என் மனைவி மேகலாவின் அண்ணனும், என் மகள் செம்மொழிக்கு ஒரே தாய்மாமனுமாகிய பெருமதிப்பிற்குரிய ராஜராஜன் மச்சான் அவர்களுக்கு, தங்கள் மாப்பிள்ளை தியாகராசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், தங்கள் தங்கை, பசு, கன்று, நடவு முடிந்து பச்சை பிடித்திருக்கும் சம்பா எல்லோரும் சுகம். அங்கு தாங்களும், அக்காவும், தோப்பும் அவ்விதமே இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் குறைவில்லாமல் வருகிறது. செம்மொழியும் சுகமாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தச் சுகத்தை அவள் வாயால் கேட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அவள் என்னோடு பேசுவதில்லை. "அம்மா, அப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்று என் காதுபடவே அவள் அம்மாவிடம் சொல்கிறாள். நானும் "வரேன்னு சொல்லு" என்று அதே அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறேன். தங்கள் தங்கை இருவருக்கும் நடுவில் நின்று, "நான் என்ன தபால்காரியா?" என்று கரண்டியைப் போட்டு உடைக்கிறாள்.

இதைப் போனில் சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் தங்கள் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லச் சொல்லத் திருத்துவாள். காகிதத்தில் அவளால் குறுக்கே பேச முடியாது. மேலும் நடந்த விபரீதத்தில் என் போனுக்கும் பங்கு இருந்ததால், அது இப்போது செம்மொழியின் காவலில் இருக்கிறது. எனவே முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

செம்மொழி இன்ஜினியரிங் முடித்ததும், பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டதும் தாங்கள் அறிந்ததே. அந்தக் கம்பெனிக்காரர்கள் நேரே கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டு முடிக்காமல், வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு கடைக்கு வெப்சைட் செய்து நாளைக் காலைக்குள் அனுப்பு என்று சொல்லிவிட்டார்கள். நான் பயந்துபோய், "ராத்திரிக்குள்ள ஒரு கடையக் கட்டணுமா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் மச்சான். ஒரு கருப்புத் திரையைத் திறந்து, அதில் ஒரே ஒரு வரி கட்டளை அடித்தால் போதும், கம்ப்யூட்டரே சில கேள்விகள் கேட்டுவிட்டு வெப்சைட்டுக்கு வேண்டிய அடித்தளத்தையெல்லாம் தானாகப் போட்டுக் கொடுத்துவிடும் என்றாள். எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அவளே விளக்கினாள்: "பந்தல்காரர் மாதிரிப்பா. கல்யாணத்த நாமதான் பண்ணணும். ஆனா கால் நட்டு, கீத்துப் போட்டு, மேடை கட்டி, நாற்காலிய இறக்கிக் குடுத்துட்டுப் போயிடுவாங்கல்ல, அந்த மாதிரி." இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குக் கம்ப்யூட்டரைச் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தெளிவுதான் பின்னால் எனக்கு எமனாக வந்தது.

எங்கள் வீட்டில் நெட் கிடைக்கிற ஒரே இடம் மேற்கு ஜன்னல். அந்த ஜன்னலில் என் போனை வைத்து, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு நெட்டைத் திருப்பிவிட்டிருந்தாள். அன்று பார்த்துக் கீழத்தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். தங்கள் தங்கை சாமி விளக்கை ஏற்றி வைத்தாள். செம்மொழியும் தலைவாரிக்கொண்டு, கட்டளையை அடித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். "அப்பா, இது இறங்கறதுக்குக் கொஞ்ச நேரமாவும். முகத்தக் காட்டிட்டு ஓடி வந்துடறேன். நடுவுல ஏதாச்சும் கேள்வி கேட்டா தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும். போன மட்டும் ஜன்னல்லேருந்து எடுத்துடாதீங்க" என்றாள். தொடாதீங்க என்று அவள் சொன்னது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. தாங்கள் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதற்காக எனக்குப் பாதகமானதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தாயும் மகளும் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார்கள், கருப்புத் திரையில் கேள்வி வந்து நின்றது. கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மின்னிக்கொண்டே இருந்தது. நானும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், அது விடவில்லை. மின்னுகிறது, மின்னுகிறது, மின்னிக்கொண்டே இருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை மச்சான். பந்தல்காரர் விளக்கு வைத்த நேரத்தில் வாசலில் வந்து நின்று, "ஐயா, என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார். வீட்டுக்காரன் உள்ளே உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தால் அவர் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்?

முதலில் பெயர் கேட்டது. நம் பிள்ளையின் வேலைதானே என்று ஆங்கிலத்தில் டி, ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, செம்மொழி என்று அடித்தேன். அப்படியெல்லாம் பெயர் வைக்கக் கூடாதாம், பெரிய எழுத்து ஆகாதாம், இடைவெளி ஆகாதாம். சரி என்று செம்மொழி என்று மட்டும் அடிக்கப் போனேன். கை வரவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வாங்கியவரை இனிஷியலோடுதானே அந்தப் பெயர் வந்திருக்கிறது? அப்பனைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்ல இந்தப் பெட்டி யார்? இடைவெளியையும் புள்ளியையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் ஒட்டி, டிசெம்மொழி என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகுதான் ஆரம்பித்தது. அது வேண்டுமா, இது வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. வேண்டும் என்றால் ஆங்கில 'ஒய்' எழுத்தை அடிக்க வேண்டும், வேண்டாம் என்றால் 'என்' எழுத்தை அடிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மச்சான், தங்கள் சாட்சி எனக்கு வேண்டும். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் 'இல்லை', 'வேண்டாம்' என்ற சொல் யார் வாயிலிருந்தும் வராது என்பது தங்களுக்குத் தெரியாததா? அரிசிப் பானை தரை தட்டியிருந்தாலும் "அரிசி நெறஞ்சிருக்கு" என்றுதான் உங்கள் தங்கை சொல்வாள், நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். அவ்வளவு ஏன், போன வருஷம் நீங்கள் வந்திருந்தபோது, சரியாக விளக்கு ஏற்றின கையோடு, "மாப்ள, கொல்லையில கெடக்கற அந்தப் பழைய மோட்டார நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். அது பழைய மோட்டாரும் இல்லை, கொல்லையில் கிடக்கவும் இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் என்ன சொன்னேன்? அந்த மோட்டார் இன்றைக்கும் உங்கள் தோப்பில்தான் தண்ணீர் இறைக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை, சாட்சிக்காக ஞாபகப்படுத்தினேன்.

அப்படிப்பட்ட நான், சாமி விளக்கு எதிரே எரிந்துகொண்டிருக்கும்போது, பெண்ணின் வாழ்க்கைக்கு அஸ்திவாரம் போடும் நேரத்தில், வேண்டாம் என்று எப்படி அடிப்பேன்? டைப்ஸ்கிரிப்ட் வேண்டுமா என்றது. அது என்ன சாமான் என்று தெரியாது, இருந்தாலும் பெண்ணுக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது என்று ஒய். பக்கத்துக்குப் பக்கம் போக வழி வேண்டுமா என்றது, வழி இல்லாத இடத்தில் யார் குடியிருப்பார்கள், ஒய். சோதனை வசதி வேண்டுமா என்றது, அவள் எந்தப் பரீட்சைக்குப் பயந்தாள், ஒய். இன்னொரு வகைச் சோதனையும் இருக்கிறது, அதுவும் வேண்டுமா என்றது, ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு முகத்தைத் திருப்பலாமா, ஒய். எழுதுவதில் குற்றம் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் வேண்டுமா என்றது. உங்கள் தங்கை இருக்கும் வீட்டில் அதற்குத் தனி ஆள் எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், ஆனாலும் ஒய். நெட் இல்லாதபோதும் ஓட வேண்டுமா என்றது. நன்னிலத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது, ஒய். பல மொழி வேண்டுமா, மாதிரிப் பக்கங்கள் வேண்டுமா, கம்ப்யூட்டரில் தனியாக ஓடுகிற மாதிரியும் ஒன்று கட்டட்டுமா, எல்லாவற்றுக்கும் ஒய், ஒய், ஒய். கடைசியில் அது கேட்பதற்கு முன்பே விரலை எழுத்தின் மேல் வைத்துக் காத்திருந்தேன். ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்த திருப்தி.

பிறகு பந்தல்காரர் சாமான் இறக்க ஆரம்பித்தார். அடேயப்பா, வரி வரியாக ஓடியது, மேலே போனது தெரியும் முன் கீழே இன்னொன்று. நடுநடுவே மஞ்சள் எழுத்தில் இது பழசாகிவிட்டது, அது பழசாகிவிட்டது என்று அதுவே தன் சாமானைக் குறை சொல்லிக்கொண்டது. பிறகு இதில் பல பலவீனங்கள் இருக்கின்றன, சில கடுமையானவை என்று ஒரு வரி வந்தது. மருத்துவ முகாமில் எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டு ஞாபகம் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அதற்கும் கீழே, இத்தனை பேர் நன்கொடை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று வந்தது. திருவிழாக் கமிட்டிபோல இங்கேயுமா என்று நினைத்தாலும், விளக்கு வைத்த நேரத்தில் கேட்டுவிட்டார்களே என்று எங்கே ஒய் அடிப்பது என்று தேடினேன். அதற்கு மட்டும் இடம் விடவில்லை. இன்னும் ஏதேதோ இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஜன்னலில் இருந்த என் போன் 'டொய்ங்' என்றது. எடுத்துப் பார்க்கலாம் என்றால் சோளம் சுட்ட அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது. இன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி. திரும்பிப் பார்த்தால் கருப்புத் திரையில் சிவப்பு எழுத்து, எல்லாம் பாதியில் நின்றுவிட்டது. நான் மெதுவாகக் கம்ப்யூட்டரை மூடி, அதன்மேல் என் துண்டைப் போட்டு மூடி, தள்ளி உட்கார்ந்து விபூதி பூசிக்கொண்டேன்.

செம்மொழி வெற்றிலை பாக்குப் பையோடு உள்ளே வந்தாள். துண்டைப் பார்த்தாள், விபூதியைப் பார்த்தாள். "என்னப்பா பண்ணுனீங்க?" என்றாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். நாம் போட்ட ஒய் எல்லாம் வரிசையாக நின்றது. "எல்லாத்துக்கும் எஸ் போட்டிருக்கீங்க! இதுல ஒண்ணு ரெண்டுதாம்ப்பா எனக்கு வேணும், மத்ததெல்லாம் வேணாம்" என்றாள். "இருந்துட்டுப் போவட்டுமே, கூட நாலு நாற்காலி கெடந்தா என்ன?" என்றேன். "அந்த நாற்காலிய இறக்குனதுலதான் டேட்டாவே போயிடுச்சு. திரும்ப ஆரம்பிக்கலாம்னா நெட்டு எங்க இருக்கு? காலையில அனுப்பணும்ப்பா!" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதற்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம். "நான் பெங்களூர் போகக் கூடாதுன்னு வேணும்னேதான பண்ணுனீங்க?" என்றாள்.

உங்கள் தங்கையாவது ஒரு வார்த்தை எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தால், "நேத்துகூடச் சொன்னீங்களேங்க, இந்த வேலை கெடைக்காமப் போனா முருகனுக்கு அர்ச்சனை பண்றேன்னு" என்று எடுத்துக் கொடுத்தாள். சொன்னேன்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஒரு தகப்பன் ஆற்றாமையில் ஆயிரம் சொல்வான். அதற்காகப் பெற்ற பெண்ணின் வேலையில் கை வைப்பேனா? நீங்களே சொல்லுங்க மச்சான், கெடுக்கணும்னு நினைக்கிறவன் எல்லாத்துக்கும் வேண்டாம்னுல்ல அடிச்சிருப்பான்? இவ்வளவு தாராளமா ஒரு எதிரி இருப்பானா? இந்த வாதத்தை நான் அன்றே எடுத்து வைத்தேன், கேட்க ஆள் இல்லை. அவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, வீட்டில் வயர் போட்டு நெட் வைத்திருக்கும் அவள் தோழி அனீஸா வீட்டுக்குப் போய்விட்டாள். அனீஸாவின் அத்தா நெய்னா முகம்மது மறுநாள் என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "என்ன தியாகராசா, புள்ள அழுதுகிட்டே வந்துச்சே, வேலை முடியற வரைக்கும் ஒரு வாய் டீகூடக் குடிக்கலையே" என்றார்.

ஆனால் அவள் முடித்துவிட்டாள் மச்சான். காலையில் சொன்ன நேரத்துக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் பேசினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை, கன்று கத்திவிடக் கூடாதே என்று அதைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்றேன். வேலை கிடைத்துவிட்டது. உங்கள் தங்கை சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, அவள் அம்மா வழியாக.

ஆகவே தங்களை நான் கேட்டுக்கொள்வதாவது: அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அவசியம் வர வேண்டும். தாய்மாமன் சொன்னால் அவள் கேட்பாள். முதலாவது, உன் அப்பன் வேணும்னே செய்யவில்லை, அவன் பிறவியே அப்படி என்று மோட்டார் விஷயத்தைச் சொல்லி அவளுக்குப் புரியவைக்க வேண்டும். அடுத்தது, பெங்களூருக்கெல்லாம் போக வேண்டாம், வேலையை இங்கிருந்தே செய்கிறேன் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போடு என்று கண்டித்துச் சொல்ல வேண்டும். நான் வீட்டுக்கு வயர் இழுத்து நெட் போட்டுத் தருகிறேன். மேற்கு ஜன்னல் பக்கம் மேசை போட்டுத் தருகிறேன். பெங்களூரில் நம் அரிசிச் சோறு கிடைக்குமா? காய்ச்சல் வந்தால் யார் மிளகு ரசம் வைப்பார்கள்? அவள் அறையில் ஃபேன் ஓடாத ராத்திரியில் இந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வருமா? இதையெல்லாம் நான் சொன்னால் மறுபடியும் வேணும்னே சொல்வதாக நினைப்பாள். நீங்கள்தான் உங்கள் யோசனை மாதிரிச் சொல்ல வேண்டும். எழுதிக் கேட்டேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள். தோப்பில் காய்ப்பும் மண்டியில் வியாபாரமும் குறைவில்லாமல் நடக்க எங்கள் ஊர்ச் சாமி துணை இருக்கட்டும். மோட்டாருக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்நோக்கியிருக்கும் மாப்பிள்ளை,
தியாகராசன்

பின்குறிப்பு: மச்சான், கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன், ஒட்டவில்லை. அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. உங்கள் தங்கை விளக்கு ஏற்றி வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. செம்மொழி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நேரே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, இதப் பாருங்க" என்றாள். அம்மாவிடம் இல்லை, என்னிடம். திரையில் அவள் செய்து அனுப்பிய கடை, அழகான கடை. அதன் நெற்றியில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில், டிசெம்மொழி என்று சேர்த்து எழுதியிருந்தது.

"அனீஸா வீட்டுல எல்லாத்தையும் அழிச்சிட்டு, வேண்டாதத வேணாம்னு போட்டு மொதல்லேருந்து ஆரம்பிச்சேன்ப்பா. பேர மட்டும் மாத்தல" என்றாள். "ஏன்?" என்றேன். "கை வரல" என்றாள். "வீடியோவுல அவங்க கேட்ட மொதக் கேள்வியே அதுதான். முன்னால இந்த டி எதுக்குன்னாங்க. எங்கப்பான்னு சொன்னேன்."

எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்து மாட்டுவதற்குள் அவள், "நான் பெங்களூர் போயிட்டு வரட்டுமாப்பா?" என்று கேட்டுவிட்டாள். நான் திரும்பிச் சாமி விளக்கைப் பார்த்தேன். வழக்கமாக இந்நேரம் கொஞ்சம் மங்கியிருக்கும். இன்று திரி நிமிர்ந்து எரிகிறது, எண்ணெய் விளிம்பு வரை நிற்கிறது. உங்கள் தங்கை எண்ணெய்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறாள். "வேணும்னேதான பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றேன். தாயும் மகளும் சிரித்த சிரிப்பு பட்டுக்கோட்டைக்கே கேட்டிருக்கும். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஆனால் புத்தி சொல்ல அல்ல, அவளை வண்டி ஏற்றிவிட. நானும் கூடப் போய் அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்புகிறேன். ஒரே ஒரு விஷயம் நமக்குள் இருக்கட்டும் மச்சான். அவள் அதைப் பட்டப்பகலில் கேட்டிருந்தாலும் நான் போயிட்டு வாம்மா என்றுதான் சொல்லியிருப்பேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள், விளக்கால்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.